கத்தி முதுகில் ஒரு முகவரி

பழைய பயனெட் ஒன்று கைக்கு வந்ததும் அனுபவமுள்ள சேகரிப்பாளர் அதன் கூரைத் தொட்டுப் பார்க்க மாட்டார். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, பிடியை ஒட்டி அலகில் என்ன பொறித்திருக்கிறது என்றுதான் முதலில் தேடுவார். துப்பாக்கியின் முனையில் மாட்டிச் சண்டை போடுவதற்காகச் செய்த கத்தி அது. ஆனால் சேகரிப்பவருக்கு அதன் மதிப்பு, எஃகில் குத்தியிருக்கும் சின்னஞ்சிறு முத்திரைகளில் இருக்கிறது.

பிரிட்டிஷ் ராணுவத்தின் 1907 மாடல் பயனெட்டையே எடுத்துக்கொள்ளலாம். உலகெங்கும் சேகரிப்பாளர்களிடம் அதிகம் புழங்கும் வகைகளில் இதுவும் ஒன்று. அலகின் ஒரு பக்கத்தில் கிரீடம், அதன் கீழ் ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ஜி.ஆர். எழுத்துகள், பிறகு 1907 என்ற எண். புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர் இதைப் பார்த்துவிட்டு ‘1907-இல் செய்தது’ என்று மகிழ்ந்துபோவார். அது மாடலின் ஆண்டு மட்டுமே. செய்த மாதமும் ஆண்டும் அதற்குக் கீழே தனியாக இருக்கும். கூடவே தயாரித்தவரின் பெயரும் இருக்கும். ஜி.ஆருக்குப் பதில் ஈ.ஆர். என்றிருந்தால் அது எட்வர்ட் மன்னர் காலத்து ஆரம்பத் தயாரிப்பு. சேகரிப்பாளரின் கண் அங்கே அகலும். கத்தியைத் திருப்பினால் அரசுச் சொத்து என்பதற்கான அம்புக்குறியும், வளைத்துப் பார்க்கும் சோதனையில் தேறியது என்பதற்கான எக்ஸ் குறியும் தெரியும்.

இந்த மாடல் பிறந்ததற்குக் காரணம் துப்பாக்கி குட்டையானது. பிரிட்டிஷ் ராணுவம் தன் லீ-என்ஃபீல்டு ரைஃபிளைச் சுருக்கியபோது, கைக்கு அடக்கமாயிற்று என்ற மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் வந்தது. எதிரியின் நீளத் துப்பாக்கிக்கு முன் நம் வீரனுக்கு எட்டும் தூரம் குறைந்துவிடுமே! இழந்த நீளத்தைக் கத்தியில் ஈடுகட்டினார்கள். ஜப்பானியரின் அரிசாகா பயனெட்டைப் பார்த்து, 17 அங்குல அலகு வைத்தார்கள். ஜப்பானியக் கத்தியில் குறுக்குக் காப்பின் ஒரு முனை கொக்கியாக வளைந்திருந்தது; எதிராளியின் கத்தியைச் சிக்கவைத்துத் திருகலாம் என்பது எண்ணம். அதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் கொக்கியால் பயனில்லை என்று தெரிந்து 1913-இல் கைவிட்டார்கள். அதோடு நிற்காமல், பழுதுபார்க்க வந்த பழைய பயனெட்டுகளின் கொக்கிகளையும் வெட்டி எறிந்தார்கள். அதனால்தான் கொக்கியோடு தப்பிப் பிழைத்தவற்றுக்கு இன்று பல மடங்கு விலை. விலை ஏறிய இடத்தில் போலியும் வரும். கொக்கி இல்லாத கத்தியில் ஒரு கொக்கியை ஒட்டவைத்து விற்கிறவர்கள் உண்டு. ஆகவே காப்பின் வெல்டிங் தடத்தைப் பார்ப்பதற்கு முன், தயாரிப்புத் தேதியைப் பார்க்க வேண்டும். 1917 என்று பொறித்த கத்தியில் கொக்கி இருந்தால் வேறு ஆராய்ச்சியே தேவையில்லை.

தயாரித்தவர் பெயரும் விலையைத் தீர்மானிக்கிறது. வில்கின்சன் நிறுவனம் இதில் 23 லட்சத்துக்கும் மேல் செய்தது. விக்கர்ஸ் செய்தது சுமார் 10,000 மட்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் விக்கர்ஸ் பெயர் உள்ளது கிடைத்தால் சேகரிப்பாளர் பேரம் பேச மாட்டார்.

கல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூர் ரைஃபிள் ஆலையும் இதைச் செய்தது. அதன் ஆர்.எஃப்.ஐ. முத்திரை இந்தியச் சேகரிப்பாளர்கள் தேடுவது. முதல் உலகப்போரில் பிரான்சின் பதுங்குகுழிகளில் நின்ற இந்தியப் படையினரின் ரைஃபிள்களில் மாட்டியிருந்ததும் இந்த 1907 மாடல்தான். இரண்டாம் உலகப்போரில் 17 அங்குலம் சுமையாகிவிட்டது. இந்தியாவில் பழைய அலகுகளை 12 அங்குலமாக வெட்டிக் கூராக்கினார்கள். முத்திரை முதல் போரைச் சொல்லும், நீளம் இரண்டாம் போரைச் சொல்லும் இந்தக் குட்டைக் கத்திகளைச் சிலர் ‘வெட்டுப்பட்டது’ என்று ஒதுக்குகிறார்கள். அது சரியல்ல. இரண்டு போர்களையும் கண்ட ஒரே பொருளாக, முழு நீளக் கத்தியைவிட அதிகக் கதை சொல்வது இதுதான்.

பயனெட்டின் தொடக்கக் காலம் ஒரு தோல்வியால் நினைவில் நிற்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் அதன் பிடி மரத்தாலான ஒரு குச்சி. அதைத் துப்பாக்கியின் வாய்க்குள்ளேயே செருகுவார்கள். செருகிவிட்டால் சுட முடியாது. 1689 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கி கணவாயில் ஜெனரல் மக்கேயின் அரசுப் படை ஒரு முறை சுட்டு முடித்து, கத்தியைச் செருகுவதற்குள் மலைநாட்டு வீரர்கள் வாளோடு மேலே வந்து விழுந்துவிட்டார்கள். அரசுப் படை சிதறி ஓடியது. குழலை அடைக்காமல் கத்தியைப் பொருத்தும் வழியை மக்கே அதன்பின் தேடினார். பிரான்சில் ராணுவப் பொறியாளர் வோபான் முன்வைத்த குழல்வடிவப் பயனெட்தான் கடைசியில் ஐரோப்பா முழுதும் பரவியது. துப்பாக்கி முனையின் வெளிப்புறத்தில் வளையம்போல் மாட்டித் திருகிப் பூட்டுவது. சுடவும் செய்யலாம், குத்தவும் செய்யலாம். வாய்க்குள் செருகும் பழைய வகை இன்று கிடைப்பது அரிது.

குழல்வடிவப் பயனெட்டின் அலகு பெரும்பாலும் முக்கோணமாக இருக்கும். ‘அந்தக் காயம் ஆறாது, அதனால் ஜெனீவா ஒப்பந்தம் அதைத் தடைசெய்துவிட்டது’ என்று கடைக்காரர்கள் கதை சொல்வார்கள். முக்கோண அலகைப் பெயர் சொல்லித் தடுத்த ஜெனீவா விதி எதுவும் இல்லை. குறைந்த இரும்பில் வளையாத விறைப்பு கிடைக்கிறது, அவ்வளவுதான் காரணம். தட்டையான அலகின் நடுவே ஓடும் பள்ளத்தை ‘ரத்தம் வடியும் வாய்க்கால்’ என்பதும் இதே ரகம். அது எடையைக் குறைப்பதற்கு.

முத்திரை படிக்கும் சுகத்தை அறிய விரும்புகிறவர் பிரெஞ்சுக் கத்தியிலிருந்து தொடங்கலாம். 1866 மாடல் ஷாஸ்போ பயனெட்டுக்குப் பித்தளைப் பிடி, பாம்புபோல் மெல்ல நெளிந்த நீள அலகு. அலகின் முதுகில் சாய்வெழுத்தில், கையால் எழுதியதுபோல், எந்த அரசு ஆலையில் எந்த மாதம் எந்த ஆண்டு செய்தது என்று பொறித்திருப்பார்கள்: ஷாத்தெல்ரோ, சேன்ட் எத்தியேன், த்யூல். காப்பிலும் உறையிலும் ஒரே எண் இருந்தால் இரண்டும் பிறந்ததிலிருந்து பிரியாத ஜோடி என்று பொருள். 1870-71 போரில் ஜெர்மானியர் கைப்பற்றிய சில கத்திகளில் பிரெஞ்சு முகவரிக்கு மேல் ஜெர்மன் படைப்பிரிவின் முத்திரையும் ஏறியது.

ஜெர்மானியர் இந்த விஷயத்தில் இன்னும் கறாரானவர்கள். காப்பில் 113.ஆர்.6.45 என்பதுபோல் ஒரு வரி இருந்தால், 113-ஆம் காலாட்படைப் பிரிவு, 6-ஆம் கம்பெனி, 45-ஆம் கத்தி என்று படிக்க வேண்டும். 113-ஆம் பிரிவு பாடன் நாட்டுக்குரியது. அதன் ஊர் ஃப்ரைபுர்க். நூறு ஆண்டு கடந்தும் ஒரு துண்டு இரும்பு தன் ஊரைச் சொல்கிறது. அலகின் முதுகில் கிரீடமும் டபிள்யூ எழுத்தும் 15 என்ற எண்ணும் இருந்தால் கைசர் வில்லியம் காலத்தில், 1915-இல் ஏற்றுக்கொண்டது.

ஜெர்மன் கத்திகளில் அதிகம் பேசப்படுவது முதுகில் ரம்பப் பல் கொண்டவை. மரம் அறுக்கப் பொறியாளர் படைக்குக் கொடுத்த கருவி அது. எதிரணியினரோ கொடுமைக்கென்றே செய்தது என்று பரப்பினார்கள். அப்படிப்பட்ட கத்தியோடு பிடிபட்டால் உயிரோடு விடமாட்டார்கள் என்ற பயம் ஜெர்மன் வீரர்களிடையே பரவியதை ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க் தன் புகழ்பெற்ற போர் நாவலில் எழுதியிருக்கிறார். போரின் பிற்பகுதியில் ஜெர்மன் ராணுவமே பற்களை அராவி எடுக்க உத்தரவிட்டது. அராவிய கத்தியும் அராவாத கத்தியும் இன்று சேகரிப்பில் தனித்தனி இனங்கள்.

இத்தனைக்கும், முதல் உலகப்போரின் காயங்களில் பயனெட் ஏற்படுத்தியவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும்தான் கொன்று குவித்தன. இரண்டாம் போருக்குள் பிரிட்டன் வாள்போன்ற அலகையே விட்டுவிட்டு 8 அங்குல ஆணிக்கு இறங்கியது. அதன் முதல் வடிவத்தை, அலகில் நான்கு பள்ளம் கொண்டதை, சுமார் 75,000 என்ற அளவில் செய்து கொடுத்தது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கிலிருந்த சிங்கர் ஆலை. நம் வீடுகளில் பாட்டி காலத்துத் தையல் மெஷின் மேல் பொன்னெழுத்தில் இருக்குமே, அதே சிங்கர்தான்.

போர்க்களத்துக்கு உதவாத கத்திகளுக்கும் பெரிய சேகரிப்பு உலகம் இருக்கிறது. ஜெர்மன் சிப்பாய் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது இடுப்பில் மாட்டிக்கொள்ளத் தன் காசில் ஒரு பளபளப்பான பயனெட் வாங்குவான். நிக்கல் பூச்சு, மெல்லிய அலகு. சிலவற்றில் துப்பாக்கியில் மாட்டும் பள்ளம்கூடப் பெயருக்குத்தான். ‘என் பணிக்கால நினைவாக’ என்று அலகில் அமிலத்தால் பொறித்துக் கேட்டு வாங்கிப்போனவர்கள் ஏராளம். கடற்படை அதிகாரிகளின் குறுவாள்களும் இந்த இனம்தான். 1945 மாடல் சோவியத் குறுவாளின் உறையில் பாய்மரக் கப்பலும் நங்கூரமும் இருக்கும்.

சீருடைக் குறுவாள் என்றாலே சேகரிப்பாளர்களின் பேச்சு ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக்குப் போய்விடும். நூற்றாண்டுகளாகக் கத்தி அடித்தே வாழ்ந்த ஊர் அது. அணில் முத்திரை என்றால் ஐக்ஹார்ன், போர்வீரன் தலை என்றால் வையர்ஸ்பர்க் கிர்ஷ்பாவும். 1933-க்குப் பிறகு நாஜி அமைப்புகள் ஒவ்வொன்றும் தனக்கெனக் குறுவாள் வடிவமைத்தபோது, மந்தத்தில் கிடந்த இந்த ஆலைகளுக்கு வேலை குவிந்தது. நாஜிக் கட்சியின் அடியாள் படையான எஸ்.ஏ.வின் குறுவாள் வடிவம் 16-ஆம் நூற்றாண்டுச் சுவிஸ் குறுவாளின் நகல். 1934 தொடக்கத்தில் எஸ்.ஏ. தலைவர் எர்ன்ஸ்ட் ரோம், பழைய உறுப்பினர்கள் லட்சம் பேருக்கும் மேல் தன் கையெழுத்தோடு ‘மனமார்ந்த நட்புடன்’ என்று பொறித்த குறுவாள்களை வழங்கினார். அந்த ஆண்டு ஜூன் 30-இல் ஹிட்லர் தொடங்கிய களையெடுப்பில் ரோமே கொல்லப்பட்டார். அவர் பெயரை அராவி எடுக்கும்படி எல்லோருக்கும் உத்தரவு போயிற்று. சிலர் முழு வரியையும் அராவினார்கள். சிலர் பெயரை மட்டும் எடுத்தார்கள். மிகச் சிலர் தொடாமல் ஒளித்து வைத்தார்கள். அராவிய தடமுள்ள அலகைக் கையில் வைத்துப் பார்க்கும்போது, ஒரு சர்வாதிகாரம் தன் ஆட்களையே எப்படி அழித்தது என்பது எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாக விளங்கும்.

இவற்றைச் சேகரிப்பது பற்றி நேராகவே பேச வேண்டும். இந்தக் குறுவாள்களை இடுப்பில் கட்டியவர்கள் தெருக்களில் யூதர்களை அடித்து நொறுக்கியவர்கள். அந்தச் சரித்திரத்தை மறைத்துவிட்டு ‘அழகான வேலைப்பாடு’ என்று மட்டும் காட்டி விற்பது பொய்யான வியாபாரம். சரித்திரத்தோடு சேர்த்து வைத்திருப்பவர் ஒரு சாட்சியத்தைப் பாதுகாக்கிறார். ஸ்வஸ்திகாச் சின்னத்தைப் பொதுவெளியில் காட்டுவது ஜெர்மனியில் குற்றம். ஆய்வு, வரலாற்றுக் கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அங்குள்ள ஏல அட்டவணைகளில் சின்னத்தின் மேல் காகிதம் ஒட்டியதுபோல் மறைத்திருப்பார்கள்.

இந்தத் துறையில்தான் போலி அதிகம். போர் முடிந்தபின் சோலிங்கன் ஆலைகளில் மிஞ்சிக் கிடந்த அலகு, பிடி, காப்பு எல்லாம் பிற்பாடு ஒன்றுசேர்க்கப்பட்டு ‘அசல்’ என்று விற்பனைக்குப் போயின. ஒவ்வொரு உறுப்பும் அசல், முழுக் கத்தி மட்டும் போலி! பிடி அலகோடு இடைவெளியின்றிச் சேர்கிறதா, எல்லாப் பாகமும் ஒரே அளவு மூப்படைந்திருக்கிறதா என்று பார்ப்பதே தற்காப்பு. விற்பவர் சொல்லும் குடும்பக் கதைக்குக் காசு கொடுக்கக் கூடாது. கையில் இருக்கும் இரும்புக்குத்தான் கொடுக்க வேண்டும்.

வாங்கியபின் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: தேய்ப்பது. உப்புத்தாளும் பஃப் சக்கரமும் ஐந்து நிமிடத்தில் முத்திரைகளை மழுங்கடித்துவிடும். காலம் ஏற்றிய பழுப்பு நிறம் அழுக்கல்ல. பித்தளைப் பிடியைப் பூஜைச் சொம்புபோல் புளி போட்டு விளக்குவது நம் வீடுகளில் நடக்கிற கொடுமை; புளியின் அமிலம் அந்த நிறத்தையும் எழுத்தின் விளிம்பையும் சேர்த்து அரிக்கும். மெல்லிய எண்ணெயை மென்துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். தோல் உறைக்குள் நெடுநாள் போட்டு வைத்தால் தோலில் உள்ள அமிலமும் ஈரமும் துருவைக் கிளப்பும். கடலோர ஊர்களில் கத்தியையும் உறையையும் தனித்தனியே வைத்து, பக்கத்தில் சிலிக்கா ஜெல் போடுவது நல்லது.

இந்தியாவில் தொடங்க நினைப்பவர் சட்டத்தைப் பார்த்துவிட்டே பணத்தை எடுக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் பட்டியலில் வாள், குறுவாள், ஈட்டியோடு பயனெட்டும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் இத்தகைய ஆயுதத்துக்கு உரிமம் வேண்டும் என்கிறது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். தம் பகுதி அதில் வருகிறதா என்பதைக் காவல்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வரலாற்று மதிப்புள்ள பொருள் நூறு ஆண்டைக் கடந்துவிட்டால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. முதல் உலகப்போர்க் கால இஷாப்பூர்க் கத்திகள் அந்த நூறு ஆண்டைத் தாண்டிவிட்டன. வாங்குவதற்கு முன் பழைய ஆயுதங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்க விரும்பும் சென்னைவாசிகளுக்குப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும், தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கும் எழும்பூர் அருங்காட்சியகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.