கடல் திசை மாறும் மாதங்கள்

கருவாட்டு வியாபாரத்தில் நான் விட்ட முதல் பிழை கணக்கில் அல்ல, கலண்டரில். திருக்கோவிலில் ஒரு கரைவலைக்காரருக்கு நவம்பரில் முற்பணம் கொடுத்துவிட்டு, சரக்குக்காக ஜனவரி முழுக்க அலைந்தேன். "காக்கா, வாடைக்குள்ள காசு தந்தா கடல் மீன் தருமா?" என்று கேட்டார் அவர். நியாயமான கேள்விதான்.

அத்திலாந்திக்கிலும் பசிபிக்கிலும் பெரிய நீரோட்டங்கள் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே திசையில் ஓடுகின்றன. நமது கடல் அப்படியல்ல. வடக்கே ஆசியப் பெருநிலம் கோடையில் சூடாகிக் குளிர்காலத்தில் குளிர்வதால் காற்றுத் திரும்புகிறது, நீரும் கூடவே திரும்புகிறது. மே முதல் செப்டம்பர் வரை இலங்கைக்குத் தெற்கே நீர் கிழக்கு நோக்கி வங்காள விரிகுடாவுக்கு ஓடும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை மேற்கு நோக்கி. அரபு மாலுமிகள் இதை நம்பித்தான் பாய் விரித்தார்கள். 'மொன்சூன்' என்பதே பருவத்தைக் குறிக்கும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லில் பிறந்ததுதான்.

வற்றுப்பெருக்கைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. குஜராத்தின் பாவ்நகரில் அது முப்பது அடியளவு ஏறும், இங்கே இரண்டடியே அதிகம்.

மணல் வேறு கதை. அதுவும் கரையோரமாகப் பயணம் செய்கிறது. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை அரித்துத் தென்னைகள் சாய்ந்தன, துறைமுக வாயிலையும் மணல் அடைத்தது.

இப்போது இங்கே முற்பணம் கொடுப்பது மார்ச் பிறந்த பிறகுதான். வாடைக்காலச் சரக்கு நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வருகிறது, அந்த மாதங்களில் அங்கே கடல் அமைதி. லொறிக்கூலி கூடத்தான்.