மூச்சும் முப்பது நொடியும்

பூதிகோட்டைச் சிறுவர் மண்ணில் கோடு கிழித்துக் கபடி ஆடும்போது, பாடிச் செல்பவன் எதிர்க்களத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை அவனுடைய மூச்சே முடிவு செய்யும். பாட்டு அறுந்தால் ஆட்டமிழப்பான். தமிழ்நாட்டில் சடுகுடு, வங்காளத்தில் ஹாடுடு, மராட்டியத்தில் ஹுதுது எனப் பெயர்கள் வேறுபடினும், மூச்சடக்கிப் பாடுதல் அனைத்துக்கும் பொதுவாகும்.

2014ஆம் ஆண்டு தொடங்கிய புரோ கபடி லீக்கில் அளவுகோல் வேறு. மண்தரைக்குப் பதிலாக உள்ளரங்கில் விரிப்பு. மூச்சுக்குப் பதிலாகக் கடிகாரம். ஒருமுறை பாடிச் சென்று திரும்ப முப்பது நொடி மட்டுமே உண்டு. 'கபடி, கபடி' என்று பாடும் விதி நீக்கப்படவில்லை; ஆயினும் நேரத்தை அளப்பது கடிகாரமே. தொடர்ந்து இருமுறை புள்ளியின்றித் திரும்பிய அணி, மூன்றாம் முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லையேல் பாடிச் சென்றவர் வெளியேறுவார். தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பவர் எழுந்து போகாதிருக்கச் செய்த ஏற்பாடு இது என்றால் தவறாகாது.

இப்புதிய ஆட்டத்தில் ஓங்கி நின்ற அணி பாட்னா பைரேட்ஸ். 2016ஆம் ஆண்டு நடந்த இரண்டு தொடர்களிலும் அதுவே கோப்பையை வென்றது. இரண்டாவது வெற்றியின்போது அணித்தலைவராக இருந்தவர் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன். மண்களத்தில் வளர்ந்து, நாற்பது வயதைக் கடந்தபின் விரிப்பில் கோப்பை ஏந்தியவர்.

2017ஆம் ஆண்டு லீக் உருமாறியது. எட்டு அணிகள் பன்னிரண்டாயின. புதியவற்றுள் தமிழ் தலைவாஸும் ஒன்று. முன்பு ஐந்து வாரத்தில் முடிந்த தொடர் மூன்று மாதம் நீண்டது. பழைய அணி ஒவ்வொன்றும் ஒரே ஒரு வீரரைத்தான் தக்கவைத்துக்கொள்ளலாம். ஏனையோர் ஏலத்துக்குச் செல்ல வேண்டும். வென்ற அணியைக் கலைத்துவிட்டு மீண்டும் வெல்லச் சொல்வது போன்றது இது. சேரலாதனும் பாட்னாவை விட்டுச் சென்றார். பாட்னா தக்கவைத்தது அரியானாவைச் சேர்ந்த இருபது வயது இளைஞர் பர்தீப் நர்வாலை. அணித்தலைமையும் அவரிடமே வந்தது.

அவருடைய உத்தி 'டுப்கி', அதாவது முழுக்கு. பிடிக்க வருவோர் கைகோத்துச் சூழும்போது, குளத்தில் முழுகுபவர்போல் உடலைத் தாழ்த்தி, அவர்கள் கைகளுக்கு அடியில் நுழைந்து நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். கரட்டு மண்ணில் இவ்வாறு பாய்ந்தால் முழங்கால் தோல் உரியும். விரிப்பு அவ்வச்சத்தைக் குறைத்தது. அரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிரான வெளியேற்றுச் சுற்றில் ஒரே முறை பாடிச் சென்று எட்டுப் புள்ளிகளும், ஆட்டம் முழுவதிலும் 34 புள்ளிகளும் எடுத்தார். பாட்னா 69-30 என வென்றது. அத்தொடரில் பாடிச் சென்று அவர் குவித்தவை 369 புள்ளிகள்.

இறுதியாட்டம் அக்டோபர் 28 அன்று சென்னையில் நடந்தது. தமிழ் தலைவாஸ் தன் பிரிவில் கடைசி இடம் பெற்றிருந்ததால், சென்னை மக்கள் பிறர் ஆட்டத்தையே கண்டனர். எதிரணி புதிதாய் வந்த குஜராத். அதன் பயிற்சியாளர் மன்பிரீத் சிங், பாட்னாவின் முதல் கோப்பையை அணித்தலைவராக வென்றவர்! பாட்னா 55-38 என வென்று, தொடர்ந்து மூன்றாம் முறையாக வாகை சூடியது.

அத்தொடரில் பெங்களூரு புல்ஸ் அணிக்குச் சொந்த ஊரில் அரங்கு வாய்க்கவில்லை. அதன் உள்ளூர் ஆட்டங்கள் நாக்பூரில் நடைபெற்றன. அடுத்த தொடரில் பாட்னா இறுதிக்கட்டச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. 2019 ஜனவரியில் குஜராத்தை 38-33 என வீழ்த்திக் கோப்பையைக் கர்நாடகத்துக்குக் கொண்டுவந்தது, ஊரில் களமின்றி அலைந்த அதே பெங்களூரு அணி.