கர்னாக் சுவரில் ஒரு பார்வோன்

விவிலியத்தில் வரும் பார்வோன்கள் பலருக்குப் பெயரே இல்லை. யோசேப்பை உயர்த்தியவரும், மோசேயை எதிர்த்து நின்றவரும் வெறும் ‘பார்வோன்’தான். பெயரோடு வருகிற முதல் எகிப்திய அரசர் சீஷாக். சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ஆண்ட ஐந்தாம் ஆண்டில் இவர் எருசலேமின் மீது படையெடுத்தார். ஆலயத்தின் பொக்கிஷங்களையும் சாலொமோன் செய்துவைத்த பொற்கேடயங்களையும் எடுத்துச் சென்றார். அவற்றுக்குப் பதிலாக ரெகொபெயாம் வெண்கலக் கேடயங்களைச் செய்துவைத்தார் என்கிறது விவிலியம்.

இந்தச் சீஷாக், எகிப்தின் 22-ஆம் அரசமரபைத் தொடங்கிய முதலாம் ஷோஷெங்க் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. லிபிய வம்சாவளியில் வந்த இவர் கி.மு. 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். நைல் நதிக்கரையில் உள்ள கர்னாக் கோயில் சுவரில், தாம் அடக்கிய ஊர்கள் என்று 150-க்கும் மேற்பட்ட பெயர்களை இவர் செதுக்கவைத்தார். ஒவ்வோர் ஊரும் கைகள் கட்டப்பட்ட ஒரு கைதியின் உருவமாக நிற்கிறது. அந்தப் பட்டியலில் இஸ்ரயேல் நாட்டு நகரான மெகிதோ இருக்கிறது. அதே மெகிதோவில், 1920-களில், ஷோஷெங்கின் பெயர் பொறித்த கல்வெட்டுத் துண்டு ஒன்றும் கிடைத்தது. விவிலிய வரலாற்றைத் தேடுவோருக்கு இது அரிய சான்று.

ஆனால், இன்று படிக்கக்கூடிய பெயர்களில் எருசலேம் இல்லை! சுவரின் சில பகுதிகள் சிதைந்துவிட்டன. ரெகொபெயாம் செல்வத்தைக் கொடுத்து நகரைக் காத்துக்கொண்டதால் அது பட்டியலில் ஏறவில்லை என்று சிலர் விளக்குகிறார்கள். ஷோஷெங்க் எருசலேம் வரை வரவே இல்லை என்போரும் உண்டு.