குழூஉக்குறியும் கடவுச்சொல்லும்

நன்னூல் யாத்த பவணந்தி முனிவர் எங்கள் சமணச் சான்றோர், பதின்மூன்றாம் நூற்றாண்டினர். சொல் வழக்குகளை வகுக்குமிடத்தில் குழூஉக்குறி என்று ஒன்றைச் சொல்கிறார். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளை வேறு பேரிட்டு வழங்குவது அது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள்.

ஜவுளிக் கடைகளிலும் இது உண்டு. எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துத் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து 1, அடுத்தது 2, கடைசி 0. கொள்முதல் விலையைச் சேலைச் சீட்டில் அந்த எழுத்துகளாலேயே எழுதிவிடுவது. வாடிக்கையாளர் எவ்வளவு பேரம் பேசினாலும் எந்த விலையில் நிறுத்தணும்னு விற்கிறவனுக்குத் தெரியும். ஆனால் கெட்டிக்காரப் பையன் ஒருத்தன் சீட்டுகளையும் விற்ற விலைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், கொஞ்ச நாளில் முழுத் தொடரையும் கண்டுபிடித்துவிடுவான். அப்புறம் கடைச் சரக்கு அத்தனையின் விலையும் அவனுக்கு அத்துப்படி.

பாலிகஞ்சில் நம்மவர் பலர் வங்கிக்கும், மின்னஞ்சலுக்கும், ரயில் டிக்கெட்டுக்கும் ஒரே கடவுச்சொல்லை, அதாவது பாஸ்வேர்டை, வைத்திருக்கிறார்கள். பல இடத்துக்கும் ஒரே சொல் என்றால் அதுவும் குழூஉக்குறிதான். ஓரிடத்தில் கசிந்தால் எல்லா இடமும் போச்சு. 2009 டிசம்பரில் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் களவு போயின. அவற்றை மறைகுறியாக மாற்றாமல் அப்படியே சேமித்து வைத்திருந்தார்கள். அதில் சுமார் 2.9 லட்சம் பேர் போட்டிருந்தது 123456! இன்றைக்கும் பூட்டை உடைக்க வருகிறவர்கள் அந்தப் பட்டியலைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

பேரன் பேர், பிறந்த வருஷம் கூடாதென்று இப்போது எல்லாருக்கும் தெரியும். உடனே குறளின் முதலடிக்குப் போகிறார்கள். குறள் மொத்தமே 1330. இயந்திரத்துக்கு அது ஒரு நொடி வேலைகூட இல்லை. எங்களவர்கள் தீர்த்தங்கரர் பேரைப் போடுவார்கள். அவர்கள் 24 பேர்தானே!

நீளம்தான் பலம். ஆங்கிலச் சிறிய எழுத்து எட்டை எப்படி வேண்டுமானாலும் கோத்தால் சுமார் 20,882 கோடி வகை வரும். பன்னிரண்டு எழுத்தாக்கினால் அதைப்போல் 4,56,976 மடங்கு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்கூட 2017-இல், குறியீடுகளைக் கலக்கச் சொல்லியும் அடிக்கடி மாற்றச் சொல்லியும் வற்புறுத்த வேண்டாம், நீளத்துக்கு இடம் கொடுங்கள் என்றது. ஆகவே அகராதியைக் கண்ணை மூடி ஐந்தாறு இடத்தில் திறந்து விரல் பட்ட சொற்களை எடுங்கள். நாரை, சுண்ணாம்பு, ஏலம், படகு, உறி என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வரும். அதை ஆங்கில எழுத்தில் அடித்தால் போதும். (அச்சேறிவிட்டதால் இதை யாரும் வைக்கக் கூடாது.)

மின்னஞ்சலுக்கு மட்டுமாவது முதலில் இதைச் செய்யுங்கள். மற்றப் பலவற்றின் பாஸ்வேர்டை மறந்தால், மாற்றும் வழி பெரும்பாலும் அங்கேதான் வந்து சேர்கிறது. நினைவில் நிற்காதென்றால் நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். கடல் கடந்த திருடன் பீரோவைத் திறக்கமாட்டான். நோட்டு எங்கே இருக்கிறதென்று வீட்டம்மாவுக்கும் சொல்லிவையுங்கள்.