அலைவுகாட்டியின் அகம்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் முக்கொம்பு என்னும் இடம் உள்ளது. கொம்பு என்பது கிளை. அகன்று வரும் காவிரி அங்கே இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரி என்னும் பழம்பெயரோடும், வடகிளை கொள்ளிடம் என்னும் பெயரோடும் திருவரங்கத்தை இடையே தழுவிச் செல்கின்றன. 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் அங்கே எழுப்பிய அணையை மேலணை என்பர்.

அவ்விடத்தில் ஓர் அளவுகோலை நட்டு, நாள்தோறும் காலை ஆறு மணிக்கு நீர்மட்டத்தைக் குறித்து வருமாறு ஒருவரை அமர்த்தியதாகக் கொள்வோம். அவர் குறித்த எண்களைக் கட்டமிட்ட தாளிற் புள்ளிகளாக வைத்து இணைத்தால், ஆறு ஏறி இறங்கிய வரலாறு ஒரு வளைகோடாகத் தோன்றும். ஆயினும், நண்பகலில் வெள்ளம் பெருகி நள்ளிரவில் வடிந்துவிடின், அவருடைய ஏட்டில் அவ்வெள்ளம் வந்ததற்கே அடையாளம் இராது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இரவில் கொள்ளிடம் பக்கத்து 45 மதகுகளுள் 9 சரிந்து வீழ்ந்தன. காலைதோறும் மட்டும் எழுதப்படும் ஏடு, அத்தகைய நிகழ்ச்சியின் முன்னும் பின்னும் இருந்த நிலையைக் கூறுமேயன்றி, நீர் எவ்வளவு விரைவில் மாறிற்று என்பதைக் கூறமாட்டாது. மணிக்கொரு முறை குறித்தால் ஓரளவு புலப்படும். நொடிக்கொரு முறை குறித்தால் நன்கு புலப்படும்.

ஆற்றின் ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரிவது. கம்பியில் ஓடும் மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வோ கண்ணுக்குத் தெரியாது. நொடிக்குப் பல இலட்சம் முறையும் மாறவல்லது. அதனை வளைகோடாக வரைந்து காட்டுவதே அலைவுகாட்டி. ஆசிலாஸ்கோப் என்று தொழிற்கூடங்களில் வழங்குவதும் இதுவே. ஜெர்மானிய அறிஞராகிய கார்ல் பெர்டினாண்டு பிரௌன் 1897இல் அமைத்த எதிர்மின்கதிர்க் குழாய் இதற்கு அடிப்படையாயிற்று. நெடுங்காலம் அது மேசைமேல் வைத்தற்குரிய கனத்த பெட்டியாகவே இருந்தது. இன்றோ, கையில் ஏந்தத்தக்க பலகை போன்ற அலைவுகாட்டிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பவரும், தொழிற்கல்வி பயிலும் மாணவரும் அவற்றை நம்பியே தம் பணியைச் செய்கின்றனர்.

இத்தகைய கருவியினுள் கதிர்க்குழாய் இல்லை. நுழையும் மின்னழுத்தம் முதலில் ஒரு தணிப்பியை அடைகின்றது. மிகுநீரை மதகு அடக்கி விடுவதுபோல அது பெரிய அழுத்தத்தைச் சிறிதாக்கி அனுப்பும். அடுத்து நிற்பது எண்ணாக்கி. அதுவே அளவுகோலின் அருகே அமர்ந்த கணக்கர் எனலாம். அழுத்தத்தை நோக்கி அதனை ஓர் எண்ணாக மாற்றுவது அதன் தொழில். எட்டு இலக்க எண்ணாக்கியாயின் அதன் அளவுகோலில் 256 படிகள் உண்டு. இரு படிகளுக்கு இடைப்பட்டதை அது அறியாது.

எண்ணாக்கி தரும் எண்களைத் தாங்குவது எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும் சில்லு. இதன் உள்ளமைப்பை, வேண்டிய பணிக்கேற்ப, ஆக்கியவரே பின்னர் வகுத்துக்கொள்ளலாம். அது எண்களைச் சேமிக்கும் முறை நயமானது. நூறு வரிகளே கொண்ட ஒரு பலகையில் கணக்கர் எழுதுவதாகக் கருதுக. பலகை நிறைந்ததும் அவர் நிறுத்துவதில்லை; முதல் வரியை அழித்து அங்கேயே புதிய எண்ணை எழுதுகின்றார். "நீர் பத்தடியைக் கடந்ததும், மேலும் ஐம்பது வரி எழுதி நிறுத்துக" என்று அவருக்கு ஆணையிட்டால், வெள்ளம் வருவதற்கு முந்தைய ஐம்பது வரிகளும் பிந்தைய ஐம்பது வரிகளும் பலகையில் ஒருங்கே கிடைக்கும். வந்தபின் பார்க்கத் தொடங்கியவர்க்கும் வருமுன் நிகழ்ந்தது தெரிவது வியப்பன்றோ!

இவ்வெண்களைப் படித்துத் திரையில் கோடாக வரைவது செயலி. அச்செயலிக்கு இன்னது செய்க என்று கூறும் கட்டளைத் தொகுதி, மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் உறைகின்றது. அதற்கு நிலைப்பொருள் என்று பெயர். கருவி உடலாயின் நிலைப்பொருளை அதன் பயிற்சி எனலாம்.

எஃப்.என்.ஐ.ஆர்.எஸ்.ஐ. 1013டி என்னும் பெயருடைய சீனத்துக் கையடக்க அலைவுகாட்டி ஒன்று உண்டு. ஏழங்குலத் தொடுதிரை உடையது. நொடிக்கு 100 கோடி முறை அளக்கும் என்பது அதன் விளம்பரம். 2021ஆம் ஆண்டையொட்டி வெளிநாட்டு ஆர்வலர் சிலர் அதனைத் திறந்து ஆராய்ந்தனர். எண்ணாக்கி அமைந்த முறை அவர்கள் கருத்தை ஈர்த்தது. ஒவ்வொரு தடத்திற்கும் இரண்டு எண்ணாக்கிப் பிரிவுகள். ஒவ்வொன்றும் நொடிக்கு 10 கோடி முறை அளப்பது. ஒன்று அளந்த இடைவேளையில் மற்றது அளக்குமாறு மாறி மாறி இயங்குதலின், இரண்டும் சேர்ந்து 20 கோடியே தரவல்லன. அட்டையில் இருந்த எண் இதனைப்போல் ஐந்து மடங்கு!

இவ்வேறுபாடு சிறிதன்று. ஓர் அலையை அடையாளங் காண, அதன் ஒரு சுற்றுக்கு இரண்டு முறைக்கு மேலாக அளத்தல் வேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் முதலியோர் நிறுவிய கொள்கை. நொடிக்கு 10 கோடி முறை சுற்றும் அலையை 20 கோடி முறை அளந்தால், சுற்றொன்றுக்கு இரண்டு புள்ளிகளே கிட்டும். இரண்டு புள்ளிகளைக் கொண்டு வடிவம் காண்பது எங்ஙனம்? நிலைப்பொருள்தான் இடைவெளியைக் கணக்கிட்டு நிரப்பவேண்டும். திரையில் அழகாக வளையும் கோட்டில் எவ்வளவு அளந்தது, எவ்வளவு ஊகித்தது என்பது பார்ப்பவர்க்குத் தெரியாது. பழுதை அறிய விரும்புபவர் அக்கோட்டை மெய்யென்று கொண்டு, நல்ல உறுப்பைக் கழற்றி எறிதலும் கூடும்.

ஆய்வாளர்கள் இவ்வளவோடு நிற்கவில்லை. நினைவகத்திலிருந்து நிலைப்பொருளைப் படியெடுத்தனர். அது வெறும் எண்களின் நிரையாகவே கிடைக்கும். அவ்வெண்களைச் செயலியின் கட்டளைகளாக மீளப் பெயர்த்து, எக்கட்டளை எஃப்.பி.ஜி.ஏ.வை என்ன செய்விக்கின்றது என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தனர். பொருள் தெரியாத கல்வெட்டைப் படிப்பார்க்கு வேண்டிய பொறுமை இதற்கும் வேண்டும். பின்னர்ப் புதிய நிலைப்பொருள் ஒன்று எழுதப்பட்டு, வரைபடங்களோடு யாவர்க்கும் வழங்கப்பட்டது.

புதியதை ஆய்ந்து பார்க்க ஒரு வாய்ப்பும் அமைந்திருந்தது. அக்கருவியின் செயலி மின்சாரம் பெற்றவுடன், உள்நினைவகத்தை நாடுமுன் சிறிய நினைவட்டையை நாடும் இயல்புடையது. ஆதலின், புதிய நிலைப்பொருளை அட்டையில் எழுதிச் செருகினால் கருவி அதன்படி இயங்கும். அட்டையை மாற்றினால் பழைய நிலைக்கே மீளும். பழையதை அழித்துவிட்டுப் புதியது பழுதுற்றால் நேரும் இடர் இதனால் நீங்கிற்று. எஃப்.பி.ஜி.ஏ.வின் உள்ளமைப்பை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. அது முன்போலவே எண்களைத் திரட்டித் தர, புதிய நிலைப்பொருள் அவற்றை வாங்கித் திரையில் வரைகின்றது.