தேசிய ஹாக்கி லீக் ஊதிய வரம்பு

தேசிய ஹாக்கி லீக் ஊதிய வரம்பு என்பது, வட அமெரிக்காவின் முதன்மையான பனி ஹாக்கித் தொடரில் ஓர் அணி தன் வீரர்களுக்கு ஒரு பருவத்தில் ஒதுக்கக்கூடிய மொத்த ஊதியத்தின் உச்ச அளவு ஆகும். செல்வம் மிகுந்த அணிகளே சிறந்த வீரர்களைக் குவித்துக்கொள்வதைத் தடுப்பது இதன் நோக்கமாகும். 2004-05 பருவம் முழுவதையும் முடக்கிய கதவடைப்புக்குப் பின், 2005 இல் 3.9 கோடி அமெரிக்க டாலர் வரம்புடன் இது நடைமுறைக்கு வந்தது.

விதியின் இடைவெளி

காயத்தால் குறைந்தது 10 ஆட்டங்களையும் 24 நாட்களையும் இழக்கும் வீரரை நீண்டகாலக் காயப் பட்டியலில் சேர்க்கலாம். அப்போது, அவருக்கு மாற்றாக வருவோரின் ஊதியத்திற்காக அணி வரம்பைத் தாண்ட இசைவு உண்டு. அவர் திரும்பும்போது அணி மீண்டும் வரம்புக்குள் அடங்க வேண்டும். ஆனால் 2025 வரை, பருவ இறுதியில் நடைபெறும் பிளே-ஆஃப் சுற்றுகளுக்கு வரம்பு பொருந்தவில்லை. எனவே அச்சுற்றுகளில் அவரும் மாற்று வீரர்களும் ஒன்றாக ஆட முடிந்தது.

எடுத்துக்காட்டு

டாம்பா பே லைட்னிங் அணியின் நிக்கிட்டா குச்செரொவ், இடுப்பு அறுவைச் சிகிச்சையால் 2020-21 பருவத்தின் 56 ஆட்டங்களிலும் ஆடவில்லை. வரம்புக் கணக்கில் அவரது ஊதியம் 95 இலட்சம் டாலர். பிளே-ஆஃபில் திரும்பிய அவர் 32 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றார். அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. அப்போதைய வரம்பு 8.15 கோடி டாலர். அணியின் ஊதியம் அதனினும் ஏறத்தாழ 1.8 கோடி மிகுதி. விதி மீறப்படவில்லை. எனினும், வரம்புக்குள் நின்று தோற்ற அணிகளுக்கு இது நியாயமா என்ற கேள்வி எழுந்தது.

திருத்தம்

2025-26 பருவம் முதல் பிளே-ஆஃபுக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. ஒவ்வோர் ஆட்டத்திலும் களமிறங்கும் 20 வீரர்களின் ஊதியம் வரம்புக்குள் அடங்க வேண்டும். காயம் ஆறியவர் திரும்பலாம். இடம் போதாவிடில் வேறொருவர் வெளியே அமர வேண்டும்.