காற்று இருந்தும் பிடிக்காத பிரேக்

ஆலங்குளத்தில் அரசு சிமென்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய 1970-ஆம் ஆண்டு முதலே இப்பகுதிச் சாலைகளுக்குச் சரக்கு லாரிகள் புதியவை அல்ல. ராஜபாளையம், செங்கோட்டை வழியாகக் கேரளம் செல்பவை புளியரை மலைச்சாலையில் ஏறி இறங்குகின்றன. அத்தகைய இறக்கத்தில் விபத்து நேர்ந்தால், 'பிரேக் பிடிக்கவில்லை' என்ற ஒற்றை வரியோடு நாம் பேச்சை முடித்துவிடுகிறோம். ஏன் பிடிக்கவில்லை?

கனரக வாகனத்தில் எஞ்சினால் இயங்கும் கம்ப்ரசர், காற்றை அழுத்தித் தொட்டிகளில் சேமிக்கிறது. அழுத்தம் சுமார் 8 பார். லாரி டயரில் உள்ள அளவுதான். ஓட்டுநர் மிதித்ததும் அக்காற்று சக்கரத்தருகே உள்ள அறைக்குள் பாய்ந்து ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டின் விசையால் லைனிங் விரிந்து, சுழலும் டிரம்மை உரசுகிறது. காற்று கசிந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்துக்கும் விடை உண்டு. பின்சக்கரங்களில் உள்ள வலுவான சுருள்வில்லை அடக்கி வைத்திருப்பதே காற்றுதான். அது பெரிதும் குறைந்தால் வில் விரிந்து பிரேக்கைப் பிடித்துவிடும். காற்று நிரம்பும்வரை வண்டி நகராததும் இதனால்தான்.

அப்படியானால் ஆபத்து எங்கே? அந்தத் தண்டு நகரக்கூடிய தூரத்துக்கு எல்லை உண்டு. லைனிங் தேயத் தேய, சரிசெய்யாவிடில் இடைவெளி கூடுகிறது. நீண்ட இறக்கத்தில் இடைவிடாது மிதித்தால் டிரம் சூடேறி விரிகிறது. இடைவெளி மேலும் கூடுகிறது. சூடான லைனிங்கின் பிடிப்பும் தளர்கிறது. தண்டு தன் எல்லையைத் தொட்டபின் எவ்வளவு மிதித்தும் பயனில்லை. காற்றுமானி முழு அழுத்தத்தையே காட்டிக்கொண்டிருக்கும்! வில் பிரேக்கும் அதே தண்டைத்தான் தள்ளியாக வேண்டும் என்பதால் அதுவும் கைகொடுக்காது.

எனவேதான் இறக்கத்தில் கீழ் கியரில், எஞ்சினின் இழுவையையும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் நம்பி இறங்க வேண்டும் என்கிறார்கள். நியூட்ரலில் இறங்கினால் அந்த இழுவை போய்விடுகிறது. முழுச் சுமையும் டிரம்மின் தலையில் விழுகிறது.

இங்குதான் பொருளாதாரம் குறுக்கிடுகிறது. டீசலை மிச்சப்படுத்தும் ஓட்டுநருக்கு ஊக்கத்தொகை தந்து, பிரேக்கைச் சரிசெய்ய நிற்கும் நேரத்துக்கு ஒன்றும் தராத உரிமையாளர், எதை விலைக்கு வாங்குகிறார்? லாபம் அவருக்கு, இடர் எதிரே வருபவருக்கு. 2018-இல் மத்திய அரசு இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. கூடுதல் எடைக்குக் கூடுதல் வாடகை கிடைக்கிறது. அதில் ஒரு பங்கு, பயணத்துக்கு முன் தண்டின் நகர்வை அளந்து பார்க்கும் அரைமணி நேரக் கூலியாக ஓட்டுநருக்குச் சேர வேண்டும் என்பதே என் கருத்து.